தேற்றியின் முதல் கேள்வி

தூத்துக்குடியில் இப்போது யாரும் யாரையும் ‘சாப்டாச்சா’ என்று கேட்பதில்லை. கேட்ட காலம் ஒன்று இருந்தது. தெருவில் எதிர்ப்பட்டவரை, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவரை, வாசலில் வந்து நின்ற கேஸ்காரரை எல்லாம் கேட்போம். பதிலுக்குக்கூடக் காத்திராமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். இன்றைக்கு அப்படிக் கேட்டுவைத்தால் எதிரில் நிற்பவருக்கு முகம் வெளுத்துவிடும், கை தானாக நெஞ்சுக்குப் போகும். கல்யாண வீடுகளில் பந்திக்கு அழைப்பவர்கள், ‘இலை போட்டாச்சு, எந்திரிங்க’ என்று சுற்றி வளைக்கப் பழகிக்கொண்டார்கள். ஓட்டல்களில் சர்வர் வாயே திறப்பதில்லை. தட்டை வைத்துவிட்டு நிற்கிறார். நாமாகச் சொன்னால்தான் உண்டு.

இந்தக் கேள்வியை ஊரைவிட்டுத் துரத்தியது டாக்டர் ஜெசிந்தா. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். அதுதான் அவளுடைய துயரம்.

வலசைக் காய்ச்சல் முதல்முறை வந்தபோது அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவராக இருந்தாள். பறவைகளோடு வந்த காய்ச்சல் பறவைகளோடு போய்விடும் என்று நிபுணர்கள் டிவியில் உட்கார்ந்து சொன்னார்கள். பறவைகள் போயின, காய்ச்சல் போகவில்லை. வார்டுக்குள் சொந்தபந்தங்களுக்கு அனுமதி இல்லாததால், இறந்தவர்களின் வீடுகளுக்குப் போன் செய்து சொல்லும் வேலை எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் மனநலப் பிரிவின் தலையில் விழுந்தது. ஜெசிந்தா காலையிலிருந்து சாயங்காலம் வரை சொன்னாள். நேராகச் சொல்வதுதான் முறை என்று படித்திருந்தாள், நேராகத்தான் சொன்னாள். ஒரு பெரியவரிடம் அவர் மகன் இறந்ததைச் சொன்னபோது மறுமுனையில் போன் கீழே விழுந்தது. பிறகு அந்த வீட்டு டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் வந்து போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நேரத்தில் அடக்கம் நடந்தது என்று பேப்பரில் பார்த்தாள். அன்றிலிருந்து போனைக் கையில் எடுத்தாலே அவளுக்கு வாந்தி வரும்.

அதற்குள் கடல் தாண்டி இரண்டு நாடுகள் ஒரு நீரிணைக்காக மோதிக்கொள்ள ஆரம்பித்தன. அங்கே வேலைக்குப் போனவர்களில் நம்மவர்கள் ஏராளம். காய்ச்சல் பாதி, குண்டு பாதி என்று சாவுச் செய்தி வீடு வீடாக வந்து இறங்கியது. சொல்ல ஆள் போதவில்லை. சொன்னவர்கள் சொல்லிச் சொல்லியே பைத்தியமானார்கள். அப்போதுதான் அரசாங்கம் ஓர் இயந்திரக் குரலை உருவாக்கச் சொல்லி ஒரு குழுவைப் போட்டது. நோயோ சாவோ கைதோ காணாமல் போனதோ, எந்தக் கெட்ட செய்தியும் அந்தக் குரல் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கேட்பவர் கையில் கட்டியிருக்கும் பட்டையிலிருந்து நாடித் துடிப்பு, ரத்தத்தில் சர்க்கரை எல்லாம் பார்த்து, தாங்கும் அளவுக்கு மட்டும் சொல்லும். அதற்குத் தேற்றி என்று பேர் வைத்தார்கள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு ஜெசிந்தாவுக்கு வந்தது.

அவளுக்குத் தன் அப்பா இறந்த நாள் நினைவுக்கு வந்தது. அவள் மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். மாமா போன் செய்து, “சாப்டியா மக்கா? மொதல்ல போய்ச் சாப்டு” என்றார். சாப்பிட்டு வந்த பிறகு, கூட யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். அப்பாவுக்கு லேசாக உடம்பு முடியவில்லை, கிளம்பி வா என்றார். பாதி வழியில் மறுபடி கூப்பிட்டுக் கொஞ்சம் சீரியஸ்தான் என்றார். தெருமுனையில் பந்தலைப் பார்த்தபோது அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. விழாமல் நடந்து போக முடிந்தது. நம் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். படித்த படிப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அந்த வரிசையை அப்படியே தேற்றிக்குக் கொடுத்தாள். முதலில் சாப்பாடு, பிறகு கூட யார், பிறகு உடம்பு முடியவில்லை, பிறகு சீரியஸ், கடைசியில்தான் உண்மை.

கூடவே மூன்று சட்டங்கள் வைத்தாள். கேட்பவர் போதும் என்று சொல்லிவிட்டால் தேற்றி அங்கேயே நிறுத்திவிட வேண்டும், துடிப்பு அடங்கும்வரை மறுபடி கூப்பிடக் கூடாது. செய்தி யாருடையதோ அவரைத் தவிர வேறு மனிதர் யாரும் அதைத் திறந்து பார்க்கக் கூடாது. கரடுமுரடான வார்த்தைகளை நீக்கி, மரியாதையோடுதான் எதையும் வாசிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களிடம் அதட்டல் ஆகாது என்று அவள் நினைத்தாள்.

தேற்றி நன்றாகத்தான் வேலை செய்தது. நெஞ்சடைத்துச் சாகிறவர்கள் குறைந்தார்கள். அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே அது பேசியதால் ஏதோ சித்தி பேசுவது மாதிரி இருந்தது. ஆனால் ஊர் ஒன்றும் முட்டாள் இல்லையே. கொஞ்ச நாளிலேயே வரிசை எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. முதல் கேள்வியைக் கேட்டதும் லைனை வெட்டிவிட்டு ஒப்பாரியை ஆரம்பித்தார்கள்.

தேற்றி மையத்தில் அவளோடு வேலை பார்த்த பொறியாளர் நாறும்பூநாதன் ஒரு மத்தியானம் டீ குடிக்கும்போது ஒரு புகாரைச் சொன்னான். கயத்தாறு பக்கத்தில் ஒருவருடைய அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தேற்றி மகனைக் கூப்பிட்டு முதல் கேள்வியைக் கேட்டது. அவர் மீதியைக் கேட்கவில்லை. மாலை, கொட்டுக்காரர்கள், மூன்று வேன் நிறையச் சொந்தக்காரர்கள் சகிதமாக ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தாள். கொட்டுச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாளாம். அன்றிலிருந்து மகனோடு பேசுவதில்லையாம்.

இருவரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு வந்தது. நாறும்பூதான் முதலில் நிறுத்தினான்.

“சிரிக்கக் கூடாது மேடம். நோய்னு சொல்ல வந்தாலும் சாவுன்னு எடுத்துக்கிடுதாங்க. உயிரோட இருக்கவங்க செய்தி யார் காதுலயும் ஏற மாட்டேங்குது. வரிசையை மாத்தணும்.”

“மாத்துனா பழையபடி நேராச் சொல்லணும் நாறும்பூ. நேராச் சொல்லி நான் எத்தனை பேரைக் கொன்னுருக்கேன்னு உனக்குத் தெரியாது” என்றாள் ஜெசிந்தா. “உயிரோட இருக்கவங்களுக்காக அழுதவங்க பொறவு சிரிச்சுக்கிடுவாங்க. இருக்கட்டும் விடு.”

அவன் விட்டுவிட்டான். அவள் அவனுக்கு மேலதிகாரி.

ஊரே மறந்த கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர் அவளுடைய கணவர் ரெமிஜியுஸ். சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்தான். எந்தத் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டாலும் முதல் வார்த்தை, “ஏட்டி, சாப்டாச்சா?” என்பதுதான். அவள் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுத் திட்டுவாள். அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சியும் பார்த்திருக்கிறாள். “உன் மெஷினுக்குப் பயந்து பொண்டாட்டியச் சாப்டியான்னு கேக்காம இருக்க முடியுமா? நான் கேக்காம வேற எவன் கேப்பான்?” என்று சிரிப்பார். திட்டினாலும் அந்த ‘ஏட்டி’ காதில் விழுந்ததும் அவளுக்கு உயிர் திரும்பிவிடும். தேற்றி ஏட்டி போடாது. ஏட்டி வந்தால் அது அவர்தான்.

அவர் கடைசியாகக் கிளம்பிய அன்று வீட்டில் பெரிய சண்டை. கப்பல் அந்த நீரிணை வழியாகப் போக வேண்டும். போக வேண்டிய முறை வேறொருவனுடையது. அவன் மனைவிக்கு அது நிறைமாதம் என்று இவர் தானாக முன்வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவரிடம் ஜெசிந்தா, ஊருக்கெல்லாம் இதமாகப் பேசக் கற்றுக்கொடுத்த ஜெசிந்தா, “போறதுனா அப்படியே போயிருங்க. திரும்பி இந்த வாசலை மிதிக்காதீய” என்று சொன்னாள். கூடத்தில் நின்ற நாத்தனார் பவுலின் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். ரெமிஜியுஸ் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். மறுநாள் கப்பல் நீரிணைக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு நாடுகளும் அலைவரிசைகளை முடக்கிவைத்திருந்ததால் போன் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகு கப்பலில் வலசைக் காய்ச்சல் வந்தது. இந்தக் கரைக்காரன் அந்தக் கரைக்காரன்தான் நோயை ஏற்றி அனுப்பினான் என்றான். அந்தக் கரைக்காரன் இது இவனுடைய உளவுக் கப்பல் என்றான். யாரும் கரைசேர விடவில்லை. டிவியில் நீலத் தாளில் வைத்த புள்ளி மாதிரி அந்தக் கப்பலைக் காட்டினார்கள். புள்ளியைச் சுற்றி ஓய்வுபெற்ற தூதர்களும் தளபதிகளும் உட்கார்ந்து உலகப் போர் வருமா வராதா என்று விவாதித்தார்கள். எல்லாருக்கும் அந்தக் கப்பலின் எடை தெரிந்திருந்தது, கொடி தெரிந்திருந்தது. உள்ளே இருந்த ஆட்களில் ஒருவன் பேர்கூடத் தெரியாது. சிலர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை. ஜெசிந்தா பூசையில் முழந்தாளிடும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டாள். அவர் பிழைத்து வர வேண்டும். அது முடியாதென்றால், நான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரே ஒரு தடவை அவரோடு பேச வேண்டும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வரும் வழியில் பவுலின் ஊளி மீன் வாங்கிவந்து அடுக்களையில் செதில் உரசிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பிடித்த மீன் என்று அவள் சொல்லவில்லை, ஜெசிந்தாவும் கேட்கவில்லை. போன் அடித்தது. தேற்றிக்கென்று ஒற்றை மணி ஒன்று உண்டு. கோயில் மணி போல ஒருமுறை அடித்து நிற்கும். அந்த மணியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

எடுத்தாள். பரிச்சயமான அந்தக் குரல், இதமாக, “ஜெசிந்தாம்மா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டது.

 அடுத்தது கூட யார் என்று கேட்கும். பிறகு உடம்பு முடியவில்லை என்று சொல்லும். தான் செய்த கத்தியாலேயே தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கப்போகிறது என்று தோன்றியது. அதைத் தாங்க முடியாது.

“வரிசை எனக்குத் தெரியும். போதும். இனிப் பேசாத.”

“சரிம்மா. உங்க மனசு அடங்கின பொறவு பேசுதேன்” என்றது தேற்றி. அதுவும் அவள் எழுதிக்கொடுத்த பதில்தான்.

பவுலின் செதில் ஒட்டிய கையோடு வாசற்படியில் வந்து நின்று, என்ன சொன்னது என்று கேட்டாள். முதல் கேள்வியைக் கேட்டது என்று மட்டும் ஜெசிந்தா சொன்னாள். ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பவுலின் அப்படியே தரையில் உட்கார்ந்து, அண்ணா அண்ணா என்று தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். யாரோ அடுப்பை அணைத்தார்கள், யாரோ மீன் சட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், யாரோ ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தை மட்டும் நிறுத்தி, அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. பங்குச்சாமிகூட இப்போதெல்லாம் முதல் கேள்வி வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்; மற்றதைக் கேட்பதில்லை.

சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்புப் பற்றவைப்பதில்லை. ஆனால் இங்கே உடலே இல்லை. கடலில் இருக்கிறதா, கரையில் இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. அடக்கம் இல்லாமல் அடுப்பை எப்போது மூட்டுவது என்று பெண்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். மூட்டலாம் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. அக்கம்பக்கத்திலிருந்து இட்லியும் காப்பியும் வந்தபடி இருந்தன. ஜெசிந்தா தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். போயிருங்க என்றேன், போய்விட்டார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்கள் சும்மா இரு என்று வாயைப் பொத்தினார்கள்.

நாறும்பூநாதன் துக்கம் விசாரிக்க வந்தான். கூடத்தில் கூட்டம் குறைந்ததும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறுதல் சொல்லும் பாவனையில் மெதுவாக ஆரம்பித்தான். அவளுடைய செய்தியை வேறு யாரும் திறக்க முடியாது. ஆனால் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேற்றி மீதியையும் சொல்லிவிடும். எதற்கும் ஒருதடவை கேட்டுவிடலாமே என்றான்.

“என்னையே தேத்திப் பாக்கியா?” என்றாள் அவள். “கயத்தாறு ஆளு மாதிரி நான் ஏமாறணும்னு நெனைக்கியா? ஆசை காட்டாத நாறும்பூ. அந்தக் கப்பல்ல யாரு பிழைப்பா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் போன பிறகு பவுலின் சுவரைப் பார்த்தபடி, “ஒரு வார்த்தை முழுசாக் கேட்டுருக்கலாம் மதினி” என்றாள்.  ஜெசிந்தா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பவுலின் சொல்வது சரியாக இருந்தால் என்ன என்ற எண்ணம் ஒருமுறை தலையைத் தூக்கியது. அதை அவள் பயந்து அமுக்கிவிட்டாள். நம்பிக்கை வைத்து மறுபடி ஒருமுறை இழப்பதைவிட, இழந்தது இழந்ததாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள். இத்தனை வருஷம் இந்த ஊர்க்காரர்கள் ஏன் லைனை வெட்டினார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

துணி போட்டு மூடிய டிவிக்குள், இரண்டு பக்கமும் சேராத ஒரு நாட்டின் மருத்துவக் கப்பலைச் சனிக்கிழமையே நீரிணைக்குள் அனுமதித்துவிட்டார்கள் என்ற செய்தி அடிவரியில் ஓடிக்கொண்டிருந்தது. துக்க வீட்டில் யார் டிவி பார்க்கப் போகிறார்கள்.

நாட்கள் போயின. வந்தவர்கள் குறைந்தார்கள். ஜெசிந்தா எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு மத்தியானம் பவுலின் பக்கத்து வீட்டு அடுப்பில் கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்றாள் ஜெசிந்தா.

“எங்க அண்ணன் போயிட்டாவ. நீங்களும் போயிட்டா இந்த வீட்டுல நான் யாரைப் பாத்துக்கிட்டு இருக்க?” என்றாள் பவுலின். “எனக்காக ஒரு வாய் குடிங்க மதினி.”

அவள் அழவில்லை. அழாமல் கேட்டதுதான் ஜெசிந்தாவை அசைத்தது. எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கினாள்.   பசி எவ்வளவு வெட்கங்கெட்டது என்று நினைத்துக்கொண்டே கிண்ணம் முழுவதையும் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் சாய்ந்திருந்தாள். உடம்பில் கொஞ்சம் சூடு ஏறியது. நெஞ்சு படபடப்பு குறைந்தது.

போன் ஒற்றை மணி அடித்தது.

எங்கே அடக்கம் செய்தார்கள் என்று சொல்லப்போகிறது. கேட்டுத்தான் ஆக வேண்டும். பவுலினும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள். தேற்றி இந்தமுறை முதல் கேள்வியைக் கேட்கவில்லை.

“ஜெசிந்தாம்மா, பக்கத்துல பவுலின் இருக்காவளா?”

“இருக்கா. சொல்லு. எங்க அடக்கம் பண்ணுனாங்க?”

தேற்றி கொஞ்சம் பேசாமல் இருந்தது. எங்கே எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் அவள் வகுத்ததுதான். இது மிகக் கடைசிப் படியில் வரும் மௌனம்.

“இன்னும் ஆகலம்மா. இன்னைக்குக் காலையிலதான் அவுக இறந்தாவ.”

பவுலின் எழுந்து நின்றுவிட்டாள். ஜெசிந்தாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே என்று கேட்டாள். 

“ஞாயித்துக்கிழமை நான் சொல்ல வந்தது அது இல்லம்மா. அன்னைக்கு அவுக உயிரோட இருந்தாவ. காய்ச்சலோட மருத்துவக் கப்பல்ல ஏத்தியிருந்தாவ. குரல் போகாது, எழுத்து மட்டும் போகும்னு ஒரு வழி கெடச்சுது. அவுக எழுத, நான் உங்களுக்கு வாசிக்க, நீங்க சொல்ல, நான் அவுகளுக்கு எழுதன்னு ஏற்பாடு. அவுக மொதல்ல எழுதினதை வாசிச்சேன். நீங்க போதும்னுட்டீய.”

“என்ன வாசிச்ச?”

“சாப்பிட்டாச்சான்னு கேட்டிருந்தாவ. நானும் அதைத்தான் மொதல்ல கேக்கணும். அவுகளே கேட்டுட்டதால நான் தனியாக் கேக்கல.”

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா, ஏன் மறுபடி கூப்பிடவில்லை, ஏன் ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை என்று கேட்டாள். அவளுடைய துடிப்பு அடங்கவேயில்லை, அடங்காமல் கூப்பிடக் கூடாது என்பது சட்டம் என்றது தேற்றி. “அவுகளுக்கு எழுதினேன்மா. வீட்டம்மா கலங்கிப் போயிருக்காவ, இன்னும் சாப்பிடலன்னு. சாப்பிட்ட பொறவு கூப்பிடு, அதுவரைக்கும் நான் காத்துக்கிடுதேன்னு பதில் வந்துச்சு. ஒவ்வொரு வேளையும் கேட்டாவ. நீங்க இப்பதான் சாப்பிட்டீய.”

பவுலின் காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதை ஏதோ சூடான பொருளைத் தொடுவதுபோலத் தொட்டு, தள்ளி வைத்தாள்.

ஜெசிந்தா, “அவுக எழுதினதை எழுதின மாதிரியே வாசி. திருத்தாத” என்றாள். மரியாதைக் குறைவான சொற்கள் இருப்பதாகத் தேற்றி தயங்கியது. “அந்தச் சட்டம் நான் போட்டது. நானே எடுத்துட்டேன். வாசி.”

தேற்றி வாசித்தது. அதே சித்திக் குரலில்தான் வாசித்தது, ஆனால் சொற்கள் வேறு ஆளுடையவை.

“ஏட்டி, சாப்டாச்சா?”

அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு இருந்திருந்தால். ஜெசிந்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தேற்றி தொடர்ந்தது.

“இன்னும் கோவம் தீரலையாக்கும். சரி, மொதல்ல சாப்டட்டும். அவளைப் படுத்தாத.

சாப்டாளா?

என்ன மெஷினு நீ, ஒரு மனுஷியச் சாப்பிட வைக்கத் தெரியல. பவுலின்ட்ட ஊளி மீன் வாங்கச் சொல்லு. கொழம்பு வச்சா சாப்டுவா.

அப்படியே போயிருன்னு சொன்னா. நான் எங்கிட்டுப் போக? கப்பலே போக மாட்டேங்குது. இதை அவகிட்டச் சொல்லு. சிரிச்சிருவா.

இன்னுமா சாப்டல?

தூக்கமா வருது. அவ சாப்டா எழுப்பு.”

அவ்வளவுதான் என்றது தேற்றி.

பவுலின் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதாள். ஒரே மனிதனுக்கு இரண்டாம் முறை துக்க மணி அடிக்க வேண்டும் என்று பங்குச்சாமியிடம் யார் போய்ச் சொல்வது என்று அர்த்தமில்லாமல் ஏதோ முணுமுணுத்தாள். ஜெசிந்தா அழவில்லை. அழுகையை எல்லாம் அவர் உயிரோடு இருந்த நாட்களிலேயே அழுது தீர்த்திருந்தாள். இப்போது உண்மையான சாவுக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அது அவளுக்கு மிகக் கொடுமையாக இருந்தது.

“ஒண்ணு எழுது” என்றாள்.

“சொல்லுங்கம்மா.”

“சாப்டேன்னு எழுது. போகச் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கிட்டேன்னு எழுது. அவுகளுக்கு அனுப்பு.”

தேற்றி மறுபடியும் அந்தக் கடைசிப் படியின் மௌனத்தில் இருந்தது. இறந்தவருக்கு யாராவது செய்தி அனுப்பச் சொன்னால் மறுக்கக் கூடாது, அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலும் ஜெசிந்தா எழுதிக்கொடுத்ததுதான். வெறும் ஆறுதல் என்று தெரிந்தும் அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

“அனுப்பிட்டேன்மா” என்றது தேற்றி. பிறகு, அவள் எழுதிக்கொடுக்காத ஒன்றையும் சொன்னது. “எழுப்பிச் சொல்லச் சொன்னாவ. எழுப்பத்தான் முடியல.”